பழைய தையல் பெட்டியில் பெயர் தெரியாத ஒன்பது சாமான்: எது எதுக்கு?

சமாதானபுரம் கேட்டது:

பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீட்டுச் சாமான்களோடு வந்த தேக்குத் தையல் பெட்டி. கத்தரி, ஊசிக்கூடு, அங்குஸ்தான், தேன்மெழுகுக் கட்டி எல்லாம் தெரிந்தவை. மீதி ஒன்பதுக்குப் பெயரும் வேலையும் தெரிய வேண்டும். அளவெல்லாம் ஸ்கேல் வைத்து எடுத்தவை. எதையும் இன்னும் துடைக்கவில்லை.

1. மரக்குச்சிகள், மொத்தம் 30. நீளம் 9.5 செ.மீ. மேல்முனையில் சின்னக் குமிழ், அதற்குக் கீழே ஒடுங்கிய கழுத்து. 26 குச்சிகள் அடியில் கூராக முடிகின்றன. மற்ற 4 குச்சிகளின் அடியில் கம்பியில் கோத்த கண்ணாடி மணி வளையம் தொங்குகிறது.

2. பழுப்பு நிறக் கெட்டி அட்டைப் பட்டை, 28 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். முழுக்க ஊசித் துளைகள், ஊடே மசிக் கோடுகள்.

3. கொண்டை ஊசி போல வளைத்த எஃகுக் கம்பி. நீளம் 18 செ.மீ., இரண்டு காலுக்கும் நடுவே 4 செ.மீ.

4. வெளிர்மஞ்சள் நிறத்தில் படகு வடிவம், 7 செ.மீ. இரண்டு தகடு, நடுவில் சின்னத் தூண், இரண்டு முனையும் ஒட்டி நிற்கின்றன.

5. எஃகுக் கூடு, 4.5 செ.மீ., ஒரு முனை துப்பாக்கிக் குண்டு போலக் கூர். உள்ளே ஒல்லியான நீளப் பாபின்.

6. நிக்கல் பூசிய கனமான ஒரு அமைப்பு. பக்கத்தில் கவட்டையான ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்தகட்டில் 1, 6, 12, ஒரு நட்சத்திரம். அடியில் நீல நிற மெல்லிய எஃகுத் தகடுகள். கை அசையவில்லை.

7. பித்தளைப் பிடி, 15 செ.மீ. ஒரு பக்கம் மடங்கும் சிறு கத்தி, மறுபக்கம் மடங்கும் இரும்பு முள்.

8. எஃகுக் கம்பி, 13 செ.மீ., இரண்டு முனையும் பிளந்து கவட்டையாக இருக்கிறது. கூடவே வழவழப்பான ஒரு மரப்பட்டை, அகலம் 8 மி.மீ.

9. சிவப்புத் துணியில் பழம் போலத் தைத்த ஒரு பொதி, கொட்டைப்பாக்கு அளவு. அளவுக்கு மீறிய கனம், உள்ளே மணல் போல நெறுநெறுக்கிறது.

பூந்தையல் பதில்:

துடைக்காமல் வைத்திருப்பது ரொம்ப நல்லது அக்கா. இந்த மாதிரிப் பெட்டியில் உருவம் ஏமாற்றும், தேய்மானம் ஏமாற்றாது. நூல் ஓடிய இடத்தில் மயிரிழைக் கோடு விழும். விரல் பிடித்த இடம் பளபளக்கும். துணி உரசிய ஓரம் மழுங்கும். முதலிலேயே பாலிஷ் போட்டுவிட்டால் இந்த மூன்று சாட்சியும் போய்விடும். அதனால் ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியில் எங்கே தேய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

எனக்குத் தெரிந்தவை 3, 4, 9.

எண் 3 ஹேர்பின் லேஸ் போடுகிற கவட்டைக் கம்பி. குரோஷா ஊசியோடு சேர்ந்துதான் வேலை செய்யும், தனியாக அல்ல. நூலில் ஒரு கண்ணி போட்டு இடது காலில் மாட்டி, நூலை வலது காலைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுவந்து, நடுவில் குரோஷாவால் ஒரு முடிச்சு. பிறகு கம்பியை அரைவட்டம் திருப்பி மறுபடி நடுவில் ஒரு முடிச்சு. எப்போதும் ஒரே திசையில் திருப்ப வேண்டும். திருப்பும்போது குரோஷா ஊசியின் வால் காலில் இடிக்கும். ஊசியைக் கண்ணியிலிருந்து எடுத்துப் பின்பக்கத்திலிருந்து மறுபடி மாட்டினால் இடிக்காது. கால்களின் இடைவெளிதான் லேஸின் அகலம், உங்களுடையதில் 4 செ.மீ. பட்டை வரும். மேலேயும் கீழேயும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒரு மி.மீ. விரிந்திருந்தாலும் பட்டை ஒரு பக்கம் அகன்று கோணலாகும். பழைய கம்பிகளில் வழக்கமாக வரும் குறை இதுதான். கையால் மெல்ல அழுத்தியே நேராக்கலாம், சுத்தியல் வேண்டாம்.

எண் 4 டாட்டிங் ஷட்டில். நடுத்தூணில் நூலைச் சுற்றி, விரல்களுக்கு நடுவே வைத்துச் சின்னச் சின்ன வளையமும், பிக்காட் எனும் பொடி ஓரக்கண்ணியும் போடுவது. கைக்குட்டை ஓரத்திலும் ரவிக்கைக் கழுத்திலும் பார்த்திருப்பீர்கள். முனைகள் ஒட்டி நிற்பதுதான் இதற்கு உயிர். நூலை இழுத்தால் முனைகளைத் தாண்டும்போது டிக் என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராமல் வழுக்கி ஓடினால் முனை விரிந்துவிட்டது. நூல் தானாக அவிழும், முடிச்சு இறுகாது. தகட்டின் ஓரத்தைத் தாண்டி நூல் பிதுங்கும்படி சுற்றவும் கூடாது, முனை விரிவதே பெரும்பாலும் அதனால்தான்.

எண் 9 ஊசி குத்தி வைக்கிற மெத்தை அல்ல. உள்ளே எமரித் தூள், அதாவது உலோகத்தைத் தீட்டும் கனிமப் பொடி, இருக்கும். துருப்பிடித்த ஊசியை அதில் பத்துப் பன்னிரண்டு தடவை குத்தி எடுத்தால் துருவும் பிசுக்கும் போய் ஊசி துணியில் வழுக்கும். எமரியில் காந்தக்கல் கலந்திருக்கும், அதனால் பொதியின் பக்கத்தில் நல்ல காந்தத்தைக் கொண்டுபோனால் இழுக்கும். ஊசியை அதிலேயே குத்தி வைத்துவிடாதீர்கள். ஈரக்காற்றில் தூள் ஈரம் வாங்கி, தீட்டிய ஊசியையே மறுபடி துருவாக்கும். தையல் பிரிந்து தூள் கொட்டினால் நம் கடற்கரைச் சிவப்பு மணலைப் போட்டு நிரப்பலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அந்த மணலில் உள்ள கார்னெட்டும் தேய்ப்புப் பொருள்தான், ஆனால் அதோடு உப்பு வரும். ஊசிக்கு உப்பைவிடக் கெட்டது எதுவும் இல்லை. ஹார்டுவேர் கடையில் எமரித் தாள் வாங்கி ஊசியைத் தீட்டிக்கொண்டு, பொதியை உள்ளபடியே விட்டுவிடுங்கள்.

மிதிமெஷின் பதில்:

5, 6 ரெண்டும் மெஷின் சாமான். எண் 5-ஐ எண் 4-ஓட சேத்து டாட்டிங் ஷட்டில்னு சொல்றவங்க உண்டு, அது இல்ல. இது தையல் மெஷினோட அடி நூல் ஷட்டில். இப்ப வட்டப் பாபின் கேஸ் செய்ற வேலைய அப்ப இது செஞ்சுச்சு.

ஒரு முனை மட்டும் குண்டு மாதிரிக் கூராயிருந்தா வில்லு போல முன்னும் பின்னும் ஆடுற வகை. சிங்கர் 27, 28, 127, 128-க்குப் போடுறது. படகு மாதிரி இருந்து பக்கவாட்டுல நேர்கோட்டுல ஓடுனா அது இன்னும் பழசு, சிங்கர் 12 வகை. இத எதுக்குப் பிரிச்சுப் பாக்கணும்னா, ஊசி வேற வேற. 27, 28, 127, 128-க்கு இப்ப எல்லாக் கடையிலயும் கிடைக்கிற 15x1 ஊசியே சேரும். 12-க்கு 12x1 வேணும், அது லேசுல கிடைக்காது. உங்க ஷட்டில் சுலபமான கூட்டத்துல இருக்கு. 28-உம் 128-உம் முக்கால் சைஸ் மெஷின், ஆனா ஷட்டில் ஒண்ணுதான்.

பாபின வெளிய எடுத்து உருட்டிப் பாருங்க. ரெண்டு பக்க வட்டும் நேரா இருக்கணும். ஒரு வட்டு சாஞ்சிருந்தாலும் கூட்டுக்குள்ள உரசி, தையல் விட்டு விட்டு இறுகும். கூட்டுக்கு வெளிய ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகடும் பொடி ஸ்க்ரூவும் இருக்கும். நூல் பிளவு வழியா இறங்கி அந்தத் தகட்டுக்கு அடியில போய் வெளிய வரணும். இழுத்தா லேசான பிடியோட ஒரே சீரா வரணும். ஸ்க்ரூவக் கால் சுத்துக்கு மேல திருகாதீங்க. தலை உடைஞ்சா அந்த அளவுல மறு ஸ்க்ரூ தேடி அலையணும். திருகுறதுக்கு முன்னால தகட்டுக்கு அடியில அடைச்ச நூல் பஞ்ச ஒரு தாள் ஓரத்தால வழிச்சு எடுங்க. நூல் இறுக்கக் கோளாறு பாதி அதோட சரியாயிரும்.

எண் 6 ரஃப்ளர், ஃப்ரில் போடுற சாமான். அடியில சிமான்கோன்னு பொறிச்சு 120598 இருக்கான்னு பாருங்க. சிமான்கோங்கிறது சிங்கர் கம்பெனி தன்னோட உதிரிபாகத்துல போடுற சுருக்கப் பேரு. அந்த எண் இருந்தா சிங்கர் லோ-ஷாங்க் ரஃப்ளர், அதாவது ஃபுட் மாட்டுற தண்டு குட்டையா உள்ள மெஷினுக்கு. பெட்டியில இன்னும் கிடக்கான்னும் தேடுங்க: 36583 டக்கர் (கோட்டு மடிப்பு போட), 35931 அகலம் மாத்துற ஹெம்மர் (ஓரம் மடிச்சுத் தைக்க), 35857 சின்ன ஹெம்மர் ஃபுட், 36865 எட்ஜ் ஸ்டிச்சர் (ஓரத்த ஒட்டித் தைக்க). எல்லாம் ஒரே குடும்பம். சாதாரணமா ஒரு டப்பாவுலதான் சேர்ந்து இருக்கும்.

வேலை இப்படி. முன்தகட்ட 1-ல வச்சா ஒவ்வொரு தையலுக்கும் ஒரு மடிப்பு. 6-ல ஆறு தையலுக்கு ஒண்ணு, 12-ல பன்னிரண்டுக்கு ஒண்ணு. நட்சத்திரத்துல மடிப்பே விழாது, நேர்த்தையல். ஃப்ரில்லுக்கு நடுவுல கொஞ்சம் வெறுமையா விட அது வசதி. மடிப்போட ஆழத்துக்குத் தனி ஸ்க்ரூ இருக்கு. மடிக்க வேண்டிய துணி ரெண்டு நீலத் தகட்டுக்கும் நடுவுல போகும். எந்தத் துணியோட சேர்க்கணுமோ அது கீழ்த் தகட்டுக்கும் அடியில, மெஷின் பல்லு மேல.

மாட்டும்போது ஊசிய மேல கொண்டுபோயிட்டு, கவட்டைக் கை ஊசி மாட்டுற ஸ்க்ரூவ ரெண்டு பக்கமும் அணைக்கிற மாதிரி வைங்க. கவட்டை வெளிய நின்னா மடிப்பு விழாது, ஊசி இறங்கி இரும்புல இடிச்சு உடையும். முறுக்கினதும் கைச்சக்கரத்த நம்ம கையால ஒரு முழுச் சுத்து சுத்திப் பாக்காம பெடல்ல கால வைக்காதீங்க. டக்டக்னு சத்தம் வரும், அது அதோட இயல்பு.

எவ்வளவு துணி வேணும்னு கணக்குப் போட 30 செ.மீ. துண்டு ஒண்ண அதே துணியில வெட்டி ஓட்டிப் பாருங்க. 12 செ.மீ. ஆச்சுன்னா ரெண்டரை மடங்கு. ரெண்டு மீட்டர் ஓரத்துக்கு அஞ்சு மீட்டர் பட்டை வெட்டணும். தையல் நீளத்தக் குறைச்சா மடிப்பு நெருங்கும், துணி கூடப் பிடிக்கும். அதனால அளவு எடுத்த பிறகு தையல் நீளத்த மாத்தாதீங்க.

கத்தரிமுனை பதில்:

7 தையல் பிரிக்கிற கருவிதானே? கத்தி நூலை அறுக்க, முள் தையலைக் கிளப்ப. 8 வலை ஊசி, கடற்கரைப் பக்கம் பார்த்திருக்கலாம். 1 நூல்கண்டுக் குச்சி என்று நினைக்கிறேன்.

இடையன்குடிநூல் பதில்:

1 நூல்கண்டுக் குச்சி இல்லைங்க, லேஸ் பாபின். 2 அதற்கான துளை அட்டை. இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பதுதான் அத்தாட்சி. நம் பக்கத்துக்கு இது அந்நியச் சாமான் அல்ல. நாகர்கோவிலில் 1820களில் மிஷனரி ஒருவரின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்து, இங்கே பெண்பிள்ளைகள் பள்ளியோடு லேஸையும் நடத்தினார். அதனால் பாளையங்கோட்டை வீடுகளில் பாபின் வருவது ஆச்சரியமில்லை. அதற்காக இது இடையன்குடிச் சாமான்தான் என்று எழுதி வைத்துவிடாதீர்கள். குச்சியில் பெயரோ எழுத்தோ வெட்டியிருந்தால் ஒழிய ஊரைச் சொல்ல முடியாது.

குச்சியைப் பார்த்தே எந்த வகைப் பின்னலுக்கு என்று ஓரளவு சொல்லலாம். அடியில் கூராக, மணியில்லாமல் இருக்கும் 26-உம் இங்கிலாந்தின் ஹானிட்டன் லேஸ் முறைக்கு ஏற்றவை. அந்தப் பின்னலில் முடித்த ஓரத்தின் கண்ணிக்குள் குச்சியையே நுழைத்து எடுக்க வேண்டும். மணி இருந்தால் அங்கே சிக்கும், கூர்முனை வழுக்கிப் போகும். மணி தொங்கும் 4 இங்கிலாந்தின் மத்திய மாவட்டங்களின் வகை. மணியின் கனம் நூலை இறுக்கமாக வைத்திருக்கும், பின்னும்போது அடியில் வைக்கும் லேஸ் தலையணையில் குச்சி உருளாமலும் தடுக்கும். ஆகவே இரண்டு வேறு கைகளில் இருந்து வந்து சேர்ந்தவை என்றே எண்ணத் தோன்றுகிறது. இரண்டையும் ஒரே வேலையில் கலந்து போடாதீர்கள். கனம் மாறினால் இழுப்பு மாறும், பின்னல் ஒரு பக்கம் நெளியும்.

பாபின் எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் நடக்கும். ஒரே நூலின் இரு முனையிலும் இரண்டு குச்சி. கழுத்தில் சுற்றிய பிறகு குமிழுக்குக் கீழே ஒரு சுருக்கு போட்டால்தான் நூல் நிற்கும். சுருக்கைச் சுற்றிய திசைக்கு ஏற்றபடி போட வேண்டும், மாற்றிப் போட்டால் குச்சி தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் நூல் வழுக்குகிறது என்று குச்சியைக் குறை சொல்வது பெரும்பாலும் இதனால்தான். கழுத்தில் நூல் கோடுகள் விழுந்திருந்தால் உண்மையாகவே உழைத்த பாபின். கோடே இல்லாமல் வழவழவென்றிருந்தால் அதிகம் ஓடாதது.

அட்டையைத் தலையணையில் வைத்து, ஒவ்வொரு துளையிலும் குண்டூசி நட்டு, குச்சிகளைக் குறுக்கும் முறுக்கும் மாற்றினால் லேஸ் வரும். மசிக்கோடு நூல் போகிற வழி. அட்டையின் ஒரு நுனியையும் மறு நுனியையும் சேர்த்துப் பிடித்துத் துளைகள் பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தினால் அது தொடர் பட்டை. உருளைத் தலையணையில் சுற்றி எத்தனை முழம் வேண்டுமானாலும் பின்னலாம். பொருந்தாவிட்டால் தனித் துண்டுக்கான அட்டை. இந்த அட்டையிலேயே பின்ன வேண்டாம். அளவு மாறாமல் நூற்றுக்கு நூறு ஜெராக்ஸ் எடுத்து, அதைக் கெட்டி அட்டையில் ஒட்டிப் புதிதாகத் துளையிடுங்கள். குண்டூசி பித்தளையாக இருக்கட்டும். இரும்பு ஊசி இந்த ஈரக்காற்றில் ஒரே வாரத்தில் வெள்ளை நூலில் துருப்புள்ளி வைத்துவிடும், அந்தக் கறை போகாது.

பெட்டி வந்த வீட்டில் ரொம்ப இறுக்கமாக அடைத்த, தலை வைத்துப் படுக்கவே முடியாத ஒரு உருளை மெத்தை கிடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். உறை முழுக்கப் பொடித்துளை இருந்தால் லேஸ் தலையணை அதுதான். பழைய பஞ்சு என்று பெரும்பாலும் முதலில் குப்பைக்குப் போவது அது.

ஏட்டுச்சுவடி பதில்:

எண் 7 தையல் கருவியே அல்ல. அது மடக்கெழுத்தாணி. ஓலையில் எழுதும் எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என மூன்று வகை உண்டு. மடக்கெழுத்தாணியில் ஒரு பக்கம் ஓலையை வாரவும் நறுக்கவும் கத்தி, மறுபக்கம் எழுதும் முள்; இரண்டும் பிடிக்குள் மடங்கும், இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். கணக்கு எழுதிய வீடுகளில் இது தையல் பெட்டிக்குள் வந்து சேர்வது இயல்பு. எழுதுவது நின்ற பிறகு கூரான சாமான்களோடு சேர்த்து வைத்திருப்பார்கள்.

முள்ளின் நுனியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தையல் பிரிக்கவோ துணியில் துளையிடவோ செய்த முள் அடியிலிருந்து நுனி வரை ஒரே சீராக மெலியும். துளையை விரிக்க வேண்டியது அதன் வேலை. எழுத்தாணியின் முள் கடைசி வரை ஏறத்தாழ ஒரே பருமனில் வந்து, நுனியில் மட்டும் குட்டையாகக் கூம்பும். அது ஓலையின் மேல்தோலைக் கீற வேண்டுமே தவிர துளைக்கக் கூடாது. எழுதும்போது இடக்கைப் பெருவிரல் நகத்தில் வெட்டிய சிறு பள்ளத்தில் எழுத்தாணியைச் சார்த்தி, ஓலையை நகர்த்துவார்கள். அதனால் முள்ளின் ஒரு பக்கம் மட்டும் நுனிக்குச் சற்று மேலே தேய்ந்திருக்கலாம்.

கீறிய எழுத்து தெரிய கரியும் கோவையிலைச் சாறும் போன்றவற்றைத் தடவுவார்கள். மடிப்பு மூட்டில் அந்தக் கரிப்பூச்சு படிந்திருக்கக்கூடும். அதைத் துருவென்று சுரண்டாதீர்கள். நுனியைத் தீட்டவே வேண்டாம். தீட்டிய நுனி ஓலையின் நாரை அறுத்துவிடும். பித்தளைப் பிடிக்குப் புளி போட்டுத் தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இங்கே அது கேடு. புளிச்சாறு மூட்டுக்குள் இறங்கி இரும்பு ஆணியைத் தின்னும்.

உவரிக்கரை பதில்:

கத்தரிமுனை சொன்னது பாதி சரி. எண் 8 வலை பின்னுகிற ஊசிதான், ஆனால் மீன்வலைக்கு உள்ளது அல்ல. மீன்வலை ஊசி மரத்திலோ மூங்கிலிலோ பிளாஸ்டிக்கிலோ தட்டையாக இருக்கும். ஒரு முனை கூராகி உள்ளே ஒரு நாக்கு நிற்கும், நூலை அந்த நாக்கில் மாட்டிச் சுற்றுவார்கள். இரண்டு முனையும் பிளந்த எஃகு ஊசி, பொடிக்கண்ணி வலைக்கு. அந்தச் சதுர வலையின் மேல் ஊசியால் பூ நிரப்பினால் ஃபிலே லேஸ்.

முடிச்சு இரண்டுக்கும் ஒன்றுதான், வலைமுடிச்சு. கூட இருக்கிற மரப்பட்டை கண்ணி அளவு பிடிக்க. பட்டையைச் சுற்றி நூலைக் கொண்டுவந்து முடிச்சுப் போடுவதால், பட்டையின் அகலமே கண்ணியின் ஒரு பக்கம். 8 மி.மீ. பட்டைக்கு 8 மி.மீ. சதுரக் கண்ணி வரும். நூல் சுற்றிய ஊசி முழுசாக அந்தக் கண்ணிக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும், அதனால்தான் ஊசி இவ்வளவு ஒல்லி. நூலைத் தடிமனாகச் சுற்றிவிட்டால் நாலைந்து முடிச்சுக்குள் சிக்கி நின்றுவிடும். கொஞ்சமாகச் சுற்றி, தீர்ந்ததும் மறுபடி சுற்றுவதுதான் வழி.

கவட்டையின் இரண்டு நுனியும் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருங்கி இருக்க வேண்டும். விரிந்திருந்தால் கண்ணியில் மாட்டும். பட்டையின் ஓரத்தில் நூல் வெட்டிய பள்ளம் இருந்தால் பொடி எமரித் தாளால் லேசாக வழவழப்பாக்கலாம், ஆனால் அகலம் குறையும்படி தேய்த்தால் பழைய கண்ணியோடு புதுக் கண்ணி சேராது.

சமாதானபுரம்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பார்த்தவற்றைச் சொல்கிறேன். எண் 7-இன் முள் சுவடி ஐயா சொன்னபடியேதான், நுனி மட்டும் கூம்புகிறது. அட்டையின் இரு நுனியும் பொருந்துகின்றன. பொதியைக் காந்தம் இழுக்கிறது. ரஃப்ளரில் 120598 இருக்கிறது. இப்போது மூன்று சந்தேகம். கூர்முனைப் பாபின்களில் ஐந்தாறிலிருந்து மாவு போலக் கொட்டுகிறது. எண் 4 எலும்பா, தந்தமா, பிளாஸ்டிக்கா? சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். ரஃப்ளரின் கை அசையவே மாட்டேன் என்கிறது, தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்க்கலாமா?

பூந்தையல் பதில்:

சூடான ஊசி வேண்டவே வேண்டாம் அக்கா. பழைய ஷட்டில்களில் செல்லுலாய்டு நிறைய. அது குபீரென்று தீப்பிடிக்கும் பொருள். கட்டை விரலால் அரை நிமிஷம் வேகமாகத் தேய்த்துவிட்டு முகர்ந்து பாருங்கள். சூடம் வாசனை வந்தால் செல்லுலாய்டு. அப்படியானால் வெயிலிலும் மூடிய டப்பாவிலும் வைக்காமல், காற்றோட்டமாக, மற்ற இரும்புச் சாமான்களிலிருந்து தள்ளி வையுங்கள். கெட்டுப்போகத் தொடங்கிய செல்லுலாய்டிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்தில் இருக்கிற இரும்பையும் அரிக்கும்.

வாசனை இல்லாவிட்டால் பூதக்கண்ணாடி. பொடிப் பொடியாகக் கருங்கீற்றும் புள்ளியும் தெரிந்தால் எலும்பு, அவை இரத்தநாளம் ஓடிய துளைகள். குறுக்குவெட்டில் வலை போலக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் தந்தம். தந்தமாக இருந்தால் விற்கவோ வாங்கவோ யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரம் குற்றம். வனத்துறை அலுவலகத்தில் கேட்டு நடப்பதே சரி.

இடையன்குடிநூல் பதில்:

மாவு கொட்டுவது வண்டு. குச்சிகளைக் கறுப்புத் தாளில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். புதிதாக மாவு விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. விழாவிட்டால் பழைய துளை, விட்டுவிடலாம். உயிரோடு இருந்தால் மருந்து தெளிக்க வேண்டாம், நூலில் கறை ஏறும். குச்சிகளை இரண்டு பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்து அறையின் சூட்டுக்கு வரட்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த மரத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்து, குச்சி வெடிக்கும். மணிக் குச்சி நான்கையும் அதோடு சேர்க்க வேண்டாம், அவற்றில் மாவு இல்லையல்லவா. அவற்றைத் தண்ணீரில் கழுவவும் வேண்டாம். மணி கோத்த கம்பி பச்சை பூத்து அறுந்துவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

அட்டையை ராமபாணப் பூச்சி தின்னும். மடிக்காமல் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள்.

மிதிமெஷின் பதில்:

தேங்கா எண்ணெயா? அதாம் அத இறுக்கி வச்சதே! ரஃப்ளர் கை அசையலன்னா நூத்துக்குத் தொண்ணூறு, யாரோ எப்பவோ சமையல் எண்ணெய் விட்டு, அது காஞ்சு கோந்தாப் பிடிச்சிருக்கும். துரு குறைவாத்தான் இருக்கும்.

முதல்ல படம் எடுத்து வச்சுக்கிடுங்க. ஸ்க்ரூ எதையும் கழத்தாதீங்க, ஆழத்துக்கு உள்ள ஸ்க்ரூ நிக்கிற இடம் உட்பட. ஒரு சில்வர் கிண்ணத்துல மண்ணெண்ணெய் ஊத்தி, சாமான் முங்குற மாதிரி ஒரு ராத்திரி போடுங்க. அடுப்புப் பக்கம் வேண்டாம், சன்னல் திறந்திருக்கட்டும். காலையில பழைய டூத் பிரஷ்ஷால மூட்டு மூட்டாத் தேச்சு, கையப் பிடிச்சு லேசா மேலயும் கீழயும் ஆட்டுங்க. பலம் காட்டாதீங்க. அந்தக் கை கவட்டைப் பக்கம் வளைஞ்சா அப்புறம் ஊசி ஸ்க்ரூவுல சரியா உக்காராது. அசையலன்னா மறுபடி ஒரு ராத்திரி. அசைய ஆரம்பிச்சதும் பிசுக்கு கரைஞ்சு பழுப்பா வரும். சுத்தமான மண்ணெண்ணெயில இன்னொரு தடவ அலசி, துணியில ஒத்தி, ரெண்டு மணி நேரம் காய விடுங்க.

காஞ்ச பிறகு மெஷின் ஆயில், மூட்டுக்கு ஒரு சொட்டு. நீலத் தகடு ரெண்டுலயும் எண்ணெய் படக்கூடாது, துணி கறையாயிரும். அந்தத் தகட்டோட பல்ல மட்டும் விரலால தடவிப் பாருங்க. பல்லுல துரு இருந்தா துணியப் பிடிக்காது, ரஃப்ளர் ஓடும் ஆனா மடிப்பு விழாது. எமரித் தாள் போட்டா பல்லு மழுங்கிரும். மண்ணெண்ணெய் நனைச்ச பிரஷ்ஷே போதும்.

எல்லாம் ஆனதும் நட்சத்திரத்துல வச்சு, நூல் இல்லாம, கைச்சக்கரத்தால பன்னிரண்டு சுத்து. பிறகு 12, பிறகு 6, கடைசியில 1. நட்சத்திரத்துல தகடு மடிக்காது; மத்த மூணு இடத்துலயும் தகடு முன்னால போய்த் திரும்புறது கண்ணுக்குத் தெரியணும். 12-ல போகுது 1-ல போகலன்னா பல்சக்கரத்துல இன்னும் பிசுக்கு இருக்கு, மறுபடி மண்ணெண்ணெய். முதல் துணி பழைய பருத்தி வேட்டித் துண்டா இருக்கட்டும், தையல் நீளம் நடுத்தரமா. பாலியஸ்டர்ல ஆரம்பிக்காதீங்க, வழுக்கும். கோளாறு சாமான்லயா துணியிலயான்னே தெரியாது.